டவுன் மறுபிறப்பு வகுப்பு: பாடம் சூப்பர், ஃபோம்தான் பிழை

மட்டக்களப்பு டவுனுக்குள்ள ஒரு கிறிஸ்தவ சபை பின்னேரத்துல நடத்துற மறுபிறப்பு (ஆவியில புதுசா பிறக்கிறது), இரட்சிப்பு (பாவத்துல இருந்து மீட்பு) வகுப்புக்குப் போனனான், பேர் போடேல்ல, போன ஆக்களுக்கு விளங்கும். காசு இல்ல, வேதாகமமும் கொப்பியும் கொண்டு போனா சரி, பிளேன்டீ பிஸ்கட் அவங்களே தருவாங்க.

படிப்பிக்கிற ஐயா உண்மையிலயே கெட்டிக்காரன். யோவான் 3ம் அதிகாரத்த வச்சே ஒரு பின்னேரம் முழுக்க கதைச்சார். நிக்கொதேமு பரிசேயன், வேதத்த கரைச்சுக் குடிச்ச ஆள், அவருக்கே மறுபடியும் பிறக்கோணும் எண்டு இயேசு சொல்லுறார் எண்டா, நாங்க தவக்காலத்துல மச்சம் விட்டது, சேர்ச் கட்ட காசு குடுத்தது எல்லாத்தையும் கணக்குக் காட்டி பரலோகத்துல இடம் பிடிக்கேலாது எண்டார். பிள்ளை தானா முயற்சி பண்ணியா பிறக்குது எண்டு முன் வரிசையில இருந்த மிட்வைஃப் அக்காட்ட கேக்க, "அதெப்பிடி ஐயா, பாடெல்லாம் தாய்க்குத்தானே" எண்டா, எல்லாரும் சிரிச்சிட்டம். அதுக்குப் பிறகு எபேசியர் 2:8, 9, அதான் இரட்சிப்பு கிருபையால வாற ஈவு, கிரியையால, அதாவது எங்கட செய்கையால, வாறதில்ல எண்ட இடம், தலைக்குள்ள நல்லா ஏறிட்டு. 10ம் வசனத்த, அதான் நற்கிரியை செய்யத்தான் சிருஷ்டிக்கப்பட்டம் எண்டு வாற இடத்த, ஓடித் தாண்டிட்டார். கிரியை இல்லாத விசுவாசம் செத்தது எண்டு சொல்லுற யாக்கோபு 2 பக்கமே போகேல்ல, கேட்டா அடுத்த கிழமை எண்டார், அடுத்த கிழமையும் வரேல்ல.

கடைசி நாள் ஒரு ஃபோம் தந்தாங்க. பேர், விலாசம், அதுக்குக் கீழ "இரட்சிக்கப்பட்ட திகதி" எண்டு ஒரு கட்டம். பக்கத்துல இருந்த பெரியகல்லாறு அம்மா கைக்குழந்தையில மெதடிஸ்ட் சேர்ச்சுல ஞானஸ்நானம் எடுத்தவ, பேனையோட யோசிச்சுக்கொண்டே இருந்தா. உதவிக்கு நிண்ட தம்பி "திகதி தெரியாட்டி நீங்க இன்னும் இரட்சிக்கப்படேல்ல அம்மா" எண்டிட்டான், மனுசிக்கு முகமே செத்துப் போச்சு.

இரட்சிப்பு தேவனுட ஈவு, எங்களால வந்ததில்ல எண்டு இவ்வளவு நாளும் படிப்பிச்சுப்போட்டு, நாங்க முடிவெடுத்த திகதியக் கேட்டா அதுவும் ஒரு கிரியைதானே? நிக்கொதேமுவாலயே அந்தக் கட்டத்த நிரப்பேலாது. யோவான் 3ம் அதிகாரத்துல இரவுல வாறார், 7ல இயேசுவுக்காக ஒரு வார்த்தை கதைக்கிறார், 19ல இயேசுவ அடக்கம் பண்ண வெள்ளைப்போளமும் கரியபோளமும் கலந்து நூறு றாத்தல் மட்டுல கொண்டு வாறார், எந்த நாள் மறுபடி பிறந்தார் எண்டு யோவான் எழுதவேயில்ல. மெதடிஸ்ட் இயக்கத்த தொடக்கின ஜோன் வெஸ்லிக்கு திகதி இருந்தது, 1738 மே 24, ஆனா அவரும் குழந்தை ஞானஸ்நானத்த நிப்பாட்டேல்ல. 1814ல இருந்து மெதடிஸ்ட் மிஷன் இருக்கிற ஊர் இது, கத்தோலிக்க ஆக்களுக்கோ மறுபிறப்பே திருமுழுக்குலதான், ஆராருக்கெண்டு திகதி கேப்பீங்க?

யோவான் வகுப்புக்காகவே போகலாம், 5க்கு 4 குடுத்திருப்பன், ஃபோமால 3. கல்முனைப் பக்கம் போற ஆக்கள் பஸ் நேரத்த பாத்து வெளிக்கிடுங்க, கடைசி ஜெபம் இழுத்துக்கொண்டே போகும்.