நல்ல பெட்டிதான், அந்த ‘ஈ2’ மட்டும் இல்லாவிட்டால்

டல்லாஸில் இருக்கும் நண்பர் ஒருவர், வண்டிக்குப் பின்னால் மாட்டி இழுத்துப்போய் முகாம்களில் தங்குகிற பழைய டிரெய்லர் வீடு ஒன்று வாங்கியிருக்கிறார். அதற்கான ஈஎம்எஸ் பெட்டி, அதாவது வருகிற கரண்ட் சரியில்லாவிட்டால் துண்டித்துவிடும் பாதுகாப்புப் பெட்டி, தள்ளுபடியில் வந்திருக்கிறது, வாங்கலாமா என்று கேட்டார். வாட்ஸ்அப்பில் பதில் எழுத ஆரம்பித்தது நீண்டுகொண்டே போனதால் இங்கேயே போடுகிறேன்.

என்னுடையது 30 ஆம்ப் மாடல். கேம்ப்கிரவுண்டின் கரண்ட் கம்பத்துக்கும் டிரெய்லர் கேபிளுக்கும் நடுவில் மாட்டுகிற வகை. சில வருடங்களாக டெக்சாஸ் வெயிலிலும் மழையிலும் கிடந்து உழைக்கிறது. வோல்டேஜ் 104-க்குக் கீழே போனாலும் 132-ஐத் தாண்டினாலும் துண்டிக்கும். ஃபேஸும் நியூட்ரலும் இடம் மாறியிருந்தால் ஈ1, எர்த் இல்லாவிட்டால் ஈ2 என்று குறியீடு காட்டும். ஆகஸ்ட் மதியங்களில் எல்லா டிரெய்லரிலும் ஏசி ஓடி வோல்டேஜ் சரியும்போது இது பட்டென்று நிறுத்திவிட்டு, கம்ப்ரஸரைக் காப்பாற்ற 136 விநாடி காக்க வைக்கும். வியர்த்து வழிந்தாலும் அதை மன்னித்துவிடலாம். ஏசி பிழைக்கிறதே.

ஒரு ஏரிக்கரை முகாமில் கம்பத்தில் மாட்டிய உடனே ஈ2 காட்டியது. டார்ச் அடித்துப் பார்த்தால் சாக்கெட்டில் எர்த் துளை மட்டும் கருகி உருகியிருந்தது. பெட்டி இல்லாமல் நேரடியாகச் செருகியிருந்தால் ஏசி, ஃப்ரிட்ஜ் எல்லாம் ஜோராக ஓடியிருக்கும், ஒருவருக்கும் சந்தேகமே வந்திருக்காது. எர்த் இல்லாவிட்டாலும் சாமான்கள் ஓடும், அதுதான் வினை. டிரெய்லர் நிற்பது ரப்பர் டயர்மேல், ஜாக்குகளுக்கு அடியில் பிளாஸ்டிக் கட்டைகள். வாட்டர் ஹீட்டர் எலிமென்டிலிருந்து கசியும் கரண்ட் போக வழியில்லாமல் தகர உடம்பு முழுக்க ஏறி உட்கார்ந்துகொள்ளும். உள்ளே இருப்பவருக்கு ஒன்றும் தெரியாது. ஏரியில் குளித்துவிட்டு ஈரக்காலோடு புல்லில் ஓடிவந்து கதவுக் கைப்பிடியைப் பிடிக்கிற பிள்ளைக்குத்தான் தெரியும். அன்றைக்கே போட்ட காசு வசூலாகிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். வேறு இடம் கேட்டு வாங்கிக்கொண்டோம்.

இனி வயிற்றெரிச்சல். கம்பமே இல்லாத இடங்களுக்கு ஒரு சின்ன இன்வர்ட்டர் ஜெனரேட்டர் வைத்திருக்கிறேன். அதில் இந்தப் பெட்டியை மாட்டினால் ஒவ்வொரு முறையும் ஈ2. ஜெனரேட்டர் புதிது, கேபிள் புதிது, எர்த் கம்பி இந்த முனையிலிருந்து அந்த முனைவரை ஒழுங்காக இருக்கிறது. பெட்டி விற்றவர்களைக் கேட்டால் ஜெனரேட்டரில் கோளாறு என்றார்கள். ஜெனரேட்டர்காரர்கள் பெட்டியைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னார்கள். பக்கத்து டிரெய்லர் தாத்தா சுத்தியலும் செப்புக் கம்பியுமாக வந்து, தரையில் அடித்தால் சரியாகிவிடும் என்றார்.

ஊரில் உப்பும் கரியும் போட்டுக் குழி தோண்டி எர்த் எடுப்பதைப் பார்த்து வளர்ந்த நமக்கும் அதுதான் சரி என்று தோன்றும். ஆனால் கணக்குப் போட்டால் வேறு மாதிரி இருக்கிறது. தரையில் அடித்த கம்பிக்கு 25 ஓம் தடை இருந்தாலே நல்ல கம்பி. 120 வோல்ட்டை அதால் வகுத்தால் 5 ஆம்ப்கூட வராது. 30 ஆம்ப் பிரேக்கர் அதைச் சீந்தவே சீந்தாது, டிரெய்லர் உடம்பில் கரண்ட் அப்படியே நிற்கும். எர்த் கம்பியின் வேலை, கசிந்த கரண்ட்டை மண்ணுக்குள் அனுப்புவதைவிட, புறப்பட்ட இடத்துக்கே வாரிக்கொண்டுபோய் பிரேக்கரை விழ வைப்பதுதான். அதற்கு மின்சாரம் புறப்படும் இடத்தில் நியூட்ரலும் எர்த்தும் ஒன்றாகக் கட்டப்பட்டிருக்க வேண்டும். கேம்ப்கிரவுண்டில் அந்தக் கட்டு மெயின் பேனலில் இருக்கும். டிரெய்லருக்குள் இரண்டையும் சேர்க்கவே கூடாது என்பது இங்கே சட்டம். என்னுடையதைப் போன்ற சின்ன இன்வர்ட்டர் ஜெனரேட்டர்களில் பெரும்பாலும் அந்தக் கட்டு இருக்காது. மீட்டர் வைத்துப் பார்த்தால் ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவில் 120-க்குப் பதில் 60 வோல்ட் சுமாருக்கு ஆடுகிறது.

ஆக, ஜெனரேட்டர் பக்கம் ஒரு குறை இருப்பது நிஜம். ஆனால் பெட்டி, எர்த் அறுந்துவிட்டது என்று சொல்லி ஆளைத் தப்பான இடத்தில் தேடவிடுகிறது. ‘நியூட்ரல் கட்டு இல்லை’ என்று இன்னொரு குறியீடு கொடுத்திருக்கலாம். கையேட்டிலாவது நாலு வரி எழுதியிருக்கலாம். கடைசியில் தீர்வு, நியூட்ரலையும் எர்த்தையும் உள்ளுக்குள் இணைத்த ஒரு சாதாரண பிளக். ஜெனரேட்டரின் இன்னொரு சாக்கெட்டில் அதைச் செருகியதும் ஈ2 போய்விட்டது. அந்தப் பிளக்கில் சிவப்பு டேப் சுற்றி, ஜெனரேட்டர் உறைக்குள்ளேயே போட்டு வைத்திருக்கிறேன். வீட்டு சாக்கெட்டிலோ கம்பத்திலோ அதை மறந்தும் செருகக் கூடாது.

இன்னொன்று. இவ்வளவு அலட்டுகிற பெட்டி ஒரு விஷயத்தில் ஏமாறும். பழைய பண்ணை வீடுகளில் எர்த் கம்பி இல்லாத சாக்கெட்டில் யாராவது நியூட்ரலையே எர்த்தோடு முடிச்சுப் போட்டு, ஃபேஸையும் நியூட்ரலையும் இடம் மாற்றிக் கொடுத்திருப்பார்கள். அப்போது எர்த் கம்பியிலேயே 120 வோல்ட் ஓடும். பெட்டி பார்ப்பது மூன்று கம்பிகளுக்கு நடுவில் உள்ள வித்தியாசத்தை மட்டும்தான். அதனால் எல்லாம் சரி என்று சொல்லிவிடும். சாக்கெட்டில் செருகிப் பார்க்கிற மூன்று விளக்கு டெஸ்டரும் அதையேதான் சொல்லும். அது மட்டுமா, என்ன கோளாறு வந்தாலும் இந்தப் பெட்டி எர்த் கம்பியைத் துண்டிப்பதில்லை. கரண்ட் அந்த வழியாக வந்தால் வந்ததுதான். இதைக் காட்டிக்கொடுப்பது, தொடாமலே கரண்ட்டைக் கண்டுபிடிக்கிற இருபது டாலர் டெஸ்டர் பேனா. காலில் செருப்போடு தரையில் நின்று, பேனாவை டிரெய்லர் தகரத்தின் பக்கம் கொண்டுபோனால், தகரத்தில் கரண்ட் இருந்தால் கத்தும். முதலில் நிச்சயம் கரண்ட் உள்ள ஒரு சாக்கெட்டில் காட்டி, பேனா உயிரோடு இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். கத்தினால் கதவைத் தொடாமல் கம்பத்தில் பிரேக்கரை இறக்கிவிட்டு, பிளக்கையும் உருவிவிடுங்கள்.

பெட்டிக்கு என் மதிப்பெண் ஐந்துக்கு இரண்டு. அநியாயம்தான், தெரியும். பேனாவுக்கு ஐந்து.

நண்பரே, உங்களுடையது 50 ஆம்ப் டிரெய்லராக இருந்தால் யோசிக்காமல் வாங்குங்கள். அதில் இரண்டு ஃபேஸ் வரும், நியூட்ரல் ஒன்று கழன்றால் 120 வோல்ட் சாமானுக்கு 240 வரைகூடப் பாயலாம். 30 ஆம்ப் என்றாலும் வாங்குங்கள், என் இரண்டு நட்சத்திரத்தைப் பார்க்காதீர்கள். வீட்டு வாசலில் 30 ஆம்ப் சாக்கெட் போடப்போவதாகச் சொன்னீர்களே, எலக்ட்ரீஷியனிடம் அது 120 வோல்ட் என்று எழுதியே கொடுங்கள். துணி உலர்த்துகிற டிரையருக்கான சாக்கெட் என்று நினைத்து 240 கொடுத்துவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர் போவதற்கு முன்னால், கூடவே நின்று மீட்டர் வைக்கச் சொல்லிப் பார்த்துவிடுங்கள்.