8 அங்குல ராக்கெட்டுக்கு உடம்பு எதில்: போர்வெல் பைப்பா, அலுமினியமா, பைபரா, காகிதமா?

காவேரிப்பட்டணம் பக்கம் எந்தத் தோட்டத்துக்குப் போனாலும் கிணற்று மேட்டில் ரெண்டு துண்டு போர்வெல் கேசிங் பைப் வெயிலில் கிடக்கும். 3 மீட்டர் நீளம், 200 மில்லிமீட்டர் விட்டத்தில் ஒரு ராக்கெட் செய்யப் போகிறோம் என்று நானும் மாமா மகனும் சொன்னதும் சித்தப்பா அதைத்தான் காட்டினார். "எடுத்துக்கடா, சும்மாதான கெடக்குது" என்றார். நீளம், விட்டம் ரெண்டும் அப்படியே பொருந்தியது, காசும் இல்லை. ஆனாலும் அதை உடம்பாகப் போடவில்லை. ஏன் என்பதிலிருந்தே தொடங்குகிறேன், வீட்டில் பெரிய ராக்கெட் கட்ட நினைக்கிற எல்லோரும் முதலில் கை வைப்பது இந்த பிவிசி பிளாஸ்டிக் பைப் மேல்தான்.

ஒரு துண்டை அறுத்துக் கல் மேல் வைத்துச் சுத்தியால் ஓங்கி அடித்துப் பார்த்தோம். நசுங்கவில்லை, சில்லு சில்லாகத் தெறித்தது, ஒரு சில்லு மாட்டுக் கொட்டகை வரை போய் விழுந்தது. வருஷக்கணக்கில் வெயில் குடித்த பிவிசி அப்படித்தான் ஆகிவிடும். உள்ளே மோட்டார், அதாவது மருந்து எரிந்து ராக்கெட்டைத் தள்ளும் உருளை, வெடித்தால் அதே சில்லுகள் ஆள் மேல் பாயும். அடுத்து எடை. 7 மில்லிமீட்டர் சுவர் என்றால் 3 மீட்டருக்குக் குழாய் மட்டுமே 18 கிலோ. கிளம்பும்போது மோட்டாரின் தள்ளுவிசை மொத்த எடையைப் போல 5 மடங்காவது இருக்க வேண்டும் என்பது இதில் பழகியவர்கள் வைத்திருக்கும் கணக்கு, அதனால் உடம்பில் கூடும் ஒவ்வொரு கிலோவுக்கும் மோட்டாரில் 5 கிலோ தள்ளுவிசை கூடியாக வேண்டும்.

சரி, உலோகம்? எங்கள் ஊர்க்காரர்களுக்கு இரும்புக் குழாய் என்றதும் திப்பு ஞாபகம் வரும், வராமல் இருந்தால்தான் தப்பு. 1792 வரை இந்தப் பாராமகால் சீமை மைசூர் வசம்தான் இருந்தது. மூங்கிலும் காகிதமும் தாங்காத அழுத்தத்தை இரும்பு தாங்கியதால்தான் மைசூர் ராக்கெட்டுகள் 2 கிலோமீட்டர் வரை போயின, அதைப் பார்த்துத்தான் பிரிட்டிஷ்காரர் காங்கிரீவ் தன்னுடையதைச் செய்தார். ஆனால் அங்கே இரும்புக் குழாய்தான் மோட்டார், மருந்து அதற்குள்ளேயே எரிந்தது. இப்போதைய ராக்கெட்டில் மோட்டாருக்குத் தனி உறை இருக்கிறது, வெளி உடம்பு அந்த அழுத்தத்தைத் தாங்கவே வேண்டியதில்லை. ஓசூர் சிப்காட்டில் 2 மில்லிமீட்டர் அலுமினியத் தகட்டை உருட்டி வெல்டிங் வைத்துத் தர ஆள் உண்டு, 10 கிலோவில் முடிந்துவிடும், நேர்த்தியாகவும் இருக்கும். ஆனால் உள்ளே வைக்கிற ஜிபிஎஸ் கருவியின் சிக்னல் அந்தத் தகட்டைத் தாண்டி வராது, ராக்கெட் எங்கே விழுந்தது என்று தோட்டம் தோட்டமாகத் தேட வேண்டும். அமெரிக்காவின் என்ஏஆர் என்ற ராக்கெட் ஆர்வலர் சங்கத்துப் பாதுகாப்பு விதியும் காகிதம், மரம், பிளாஸ்டிக், பைபர் போன்ற லேசான பொருட்களைத்தான் சொல்கிறது, உலோகம் வேறு வழியில்லாத இடத்துக்கு மட்டும். கார்பன் பைபரும் சிக்னலை மறைக்கும், விலையும் எட்டாது, அதை அத்தோடு விட்டுவிடலாம்.

மிச்சம் ரெண்டு. முழுக்க பைபர் கிளாஸ், இல்லையென்றால் காகிதக் குழாய் மேல் பைபர் துணி சுற்றியது. உண்மையான போட்டி இவை ரெண்டுக்கும்தான்.

முழு பைபர் குழாய் 2.5 மில்லிமீட்டர் சுவரில் 9 கிலோ வரும். உறுதியில் இந்த ரெண்டில் அதுதான் மேல், ஒலி வேகத்தைத் தாண்டுகிற ராக்கெட் என்றால் கண்ணை மூடிக்கொண்டு அதையே எடுங்கள். எங்களுடையது அவ்வளவு வேகம் போகாது. அதோடு சுவர் முழுக்க ரெசினாக, அதாவது கலந்ததும் இறுகும் பிசினாக, ஏற்ற வேண்டும், எபாக்சி ரெசின் விலைக்கு அது கட்டுப்படியாகாது. டேங்க் செய்கிற பாலியஸ்டர் ரெசின் மலிவுதான், ஆனால் காயும்போது சுருங்கும், ஸ்டைரீன் நாற்றத்தில் வீட்டுக்குள் நிற்க முடியாது, பிள்ளைகள் இருக்கிற வீட்டில் அது வேண்டவே வேண்டாம்.

காகிதம் என்றால் ஏளனமாகப் பார்க்க வேண்டியதில்லை. கிராப்ட் காகிதத்தைப் பசை தடவி 4 மில்லிமீட்டர் கனத்துக்குச் சுற்றி, மேலே சதுர மீட்டருக்கு 200 கிராம் எடையுள்ள பைபர் கண்ணாடித் துணி ரெண்டு அடுக்கு எபாக்சியில் போர்த்தினால் மொத்தம் 7 கிலோ. மோசமாக விழுந்தாலும் நசுங்கும், தெறிக்காது. இங்கேதான் சித்தப்பா பைப் உதவியது. அதை நீளவாக்கில் ஒரு கோடு அறுத்து, பிளவில் மரச் சட்டம் செருகி விரித்து வைத்து, பிளாஸ்டிக் தாள் சுற்றி, அதன் மேல்தான் காகிதத்தை உருட்டினோம். காய்ந்ததும் சட்டத்தை உருவினால் பைப் உள்வாங்கிக் கழன்று வந்துவிடும். முதல் தடவை அறுக்காமல் உருட்டி, குழாயும் பைப்பும் ஒட்டிக்கொண்டு 4 நாள் வேலை வீணானது.

எபாக்சியை எங்கே, எப்போது கலக்குகிறீர்கள் என்பதும் முக்கியம். வெப்பம் 10 டிகிரி ஏறினால் கலவை இறுகும் நேரம் ஏறக்குறைய பாதியாகும். சித்திரை மாதம் தர்மபுரியில் மத்தியானம் கலக்கினால் துணி விரிப்பதற்குள் கிண்ணத்திலேயே கல்லாகிவிடும். நாங்கள் விடியற்காலை 5 மணிக்கு வைத்துக்கொண்டோம். கறுப்பு பெயிண்ட் மட்டும் அடிக்காதீர்கள், வெயிலில் 60 டிகிரி ஏறினால் சாதாரண எபாக்சி இளகத் தொடங்கும்.

பாராசூட்டிலும் ரெண்டு வழி. உச்சியிலேயே பெரிய குடையை விரிப்பது எளிது. 20 கிலோ ராக்கெட் 1500 மீட்டரிலிருந்து நொடிக்கு 6 மீட்டர் வேகத்தில் இறங்க 4 நிமிஷத்துக்கு மேல் ஆகும், நொடிக்கு 5 மீட்டர் காற்றடித்தால் ஒன்றேகால் கிலோமீட்டர் தள்ளிப் போய், மாந்தோப்பிலோ நான்கு வழிச்சாலையிலோ விழும். உச்சியில் சின்னக் குடை, 200 மீட்டரில் பெரிய குடை என்று பிரித்தால் அதே காற்றில் 400 மீட்டர் சொச்சம்தான். உயரம் பார்க்கும் கருவி ஒன்றுக்கு ரெண்டாக வைக்க வேண்டும், செலவு கூடும். தோப்பும் ரோடும் நிறைந்த நம் ஊரில் ரெண்டாவதைத் தவிர வேறு யோசனையே வேண்டாம்.

மோட்டாரில் மட்டும் நான் ஒப்பிட எதுவும் இல்லை. இந்த எடைக்கு எம் வகுப்பு வேண்டும், அதாவது எரிந்து முடியும்வரை அது தரும் மொத்தத் தள்ளல் 5120 முதல் 10240 நியூட்டன்-நொடி. உரிமம் இல்லாமல் மருந்து கலப்பது 1884 வெடிபொருள் சட்டப்படி குற்றம். 2023 அக்டோபரில் கர்நாடக எல்லையில் அத்திப்பள்ளி பட்டாசுக் கடைத் தீயில் அரூர் பக்கத்துப் பிள்ளைகள் கருகிப்போனதை எங்கள் பகுதி இன்னும் மறக்கவில்லை, அதனால் வீட்டில் ஒரு சிட்டிகைகூடக் கலக்க மாட்டோம். 2009-ல் மேரிலாந்தில் ஸ்டீவ் ஈவ்ஸ் என்ற ராக்கெட் ஆர்வலர், நிலவுக்கு ஆள் அனுப்பிய சாட்டர்ன் 5 ராக்கெட்டின் 36 அடி உயர மாதிரியைப் பறக்கவிட்டபோதும் அதற்கென்று அனுமதி, மைதானம், சான்றிதழ் பெற்ற ஆட்கள் எல்லாம் இருந்தார்கள். எங்கள் குழாய் இப்போது மாடிப்படிக்குக் கீழே துணி போர்த்தி நிற்கிறது. வால் துடுப்புக்கு 12 மில்லிமீட்டர் மரைன் பிளைவுட் வாங்கியாகிவிட்டது, உரிமம் உள்ள ஒரு கல்லூரிக் குழுவோடு சேர முடியுமா என்று விசாரித்துக்கொண்டிருக்கிறோம்.