டிரா ஆன செஸ் ஆட்டத்தை முதலில் எஞ்சினிடம் காட்டுவதா, எதிராளியிடம் கேட்பதா?

தோற்ற ஆட்டத்தை அலசுவது ஒருவகையில் சுலபம், எந்த இடத்தில் போச்சு என்று தேடினால் போதும். நெருக்கடியாகப் போய் டிரா ஆன ஆட்டம்தான் தலைவலி. புதுச்சேரியில் எங்கள் கிளப்பின் ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் ஒன்று அப்படி முடிந்தது. ஆளுக்கு 60 நிமிடம், காயை நகர்த்தும் ஒவ்வொரு மூவுக்கும் 30 விநாடி கூடுதல், எதிரே கடலூரிலிருந்து பஸ்ஸில் வந்து ஆடும் ஒரு பெரியவர். கடைசியில் என் யானைக்கு எதிராக அவரிடம் யானையும் எஃப், எச் வரிசைச் சிப்பாய்கள் இரண்டும்.

எஞ்சின், அதாவது ஆட்டத்தை அலசும் மென்பொருள், அதன் நல்லது கெட்டது எல்லோருக்கும் தெரிந்ததுதான், சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். ஸ்டாக்ஃபிஷ் என்ற எஞ்சின் இலவசம், லிச்செஸ் இணையதளத்தில் விளம்பரத் தொல்லைகூட இல்லாமல் கிடைக்கிறது. மூவ்களை உள்ளே போட்டால் டீ ஆறுவதற்குள் யார் கை எப்போது ஓங்கியது என்று காட்டும் வரைபடம் வந்துவிடும். தவறவிட்ட தாக்குதல், சும்மா நின்ற குதிரை, இதையெல்லாம் மனிதக் கண்ணைவிட நன்றாகப் பிடிக்கும். பலகையில் ஏழு காய்க்கு மேல் இல்லையென்றால் இன்னும் மேல், கடைசிக்கட்ட நிலைகளின் முடிவுகளைக் கணக்கிட்டு வைத்திருக்கும் டேபிள்பேஸ் கணிப்பாகச் சொல்லாது, முடிந்த முடிவாகவே சொல்லும். எங்கள் கடைசிக்கட்டத்தில் ராஜாக்களையும் சேர்த்து ஆறு காய்தான். ஒவ்வொரு மூவுக்கும் பக்கத்தில் டிரா, டிரா, டிரா என்று காட்டியது. யானைகளோடு எஃப், எச் சிப்பாய்கள் நின்றால் பெரும்பாலும் டிராதான் என்பது பழைய பாடம், 1947இல் மாஸ்கோவில் கிளிகோரிச்சுக்கு எதிராக ஸ்மிஸ்லோவ் டிரா பிடித்துக் காட்டிய ஆட்டத்தைத்தான் எல்லோரும் உதாரணம் காட்டுவார்கள்.

சரி, அதோடு வேலை முடிந்ததா? இல்லை. நான் எதிராளியோடு உட்காருவதன் பக்கம் சாய்வதற்குக் காரணம் ஒன்றே ஒன்றுதான், பூஜ்யம்.

டிரா ஆன ஆட்டத்தில் எஞ்சினின் கோடு பாதி தூரம் பூஜ்யத்தை, அதாவது இரண்டு பக்கமும் சமம் என்பதை, ஒட்டியே ஓடும். ஆனால் எல்லாப் பூஜ்யமும் ஒன்றல்ல. எங்கள் ஆட்டத்தில் நடுவே ஒரு கட்டம் வந்தது, ராணிகளை வெட்டிக்கொள்ளலாம், வைத்துக்கொண்டும் ஆடலாம். நான் வெட்டினேன். எஞ்சினைக் கேட்டால் இரண்டுக்கும் 0.00. ஹாலுக்கு வெளியே திண்ணையில் பலகையை விரித்ததும் பெரியவர் முதலில் கையை வைத்தது அந்த இடத்தில்தான். “தம்பி, நீங்க ராணியை வெட்டினதும்தான் எனக்கு மூச்சே வந்துச்சு. என் ராஜா அம்மணமா நிக்குது, கடிகாரத்துல நாலு நிமிஷம், எந்த செக்குக்கு எங்க ஓடுறதுன்னே தெரியல” என்றார். அவருக்கு ஒரு பூஜ்யம் நிம்மதி, இன்னொன்று வயிற்றைக் கலக்கல். இதை எந்த மென்பொருளும் சொல்லாது, ஏனென்றால் அதற்கு நாலு நிமிடமும் இல்லை, வயிறும் இல்லை.

டிராவில் இதுதான் உண்மையான சரக்கு என்பது என் கட்சி. சமமான இரண்டு வழிகளில் எது எதிரே இருப்பவருக்குக் கஷ்டம் என்று தெரிந்துகொள்வதுதான் அடுத்த ஆட்டத்தில் உதவும். 2024 உலக செஸ் சாம்பியன் பட்டப் போட்டியின் 14ஆவது ஆட்டத்தை நினைத்துப் பாருங்கள். குகேஷிடம் ஒரு சிப்பாய் அதிகம், ஆனால் எஞ்சின் கணக்கில் டிராதான். 55ஆவது மூவில் அப்போதைய சாம்பியன் டிங் லிரென் யானையை எஃப்2 கட்டத்தில் வைத்தார், ஆட்டமும் பட்டமும் போயின. அந்தப் பூஜ்யத்தை டிங் களைத்துப்போய்ச் சுமந்துகொண்டிருந்தார், குகேஷ் அதை விடாமல் அழுத்திக்கொண்டே இருந்தார்.

இன்னொரு வசதியும் உண்டு. ஒருவர் ஜெயித்தால் தோற்றவர் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார், அவரை உட்காரச் சொல்வதும் நியாயமில்லை. டிராவில் இரண்டு பேருக்கும் பாதிப் புள்ளி, இரண்டு பேருக்கும் பேச ஆசை. ஆனால் அப்போது யாராவது போனை எடுத்து எஞ்சினைத் திறந்துவிட்டால் பேச்சு அங்கேயே செத்துப்போகும். அதற்குப் பிறகு “இங்க என்ன நினைச்சீங்க” என்று யாரும் கேட்பதில்லை, எண்ணைத்தான் பார்க்கிறார்கள். வரிசை முக்கியம் என்கிறேனே, அது இதனால்தான். எதிராளியை அப்புறம் கேட்டுக்கொள்ளலாம் என்று விட்டால் அவர் கடலூர் பஸ் ஏறியிருப்பார், நினைப்பும் மறுநாளே மாறிப்போயிருக்கும். எஞ்சின் எங்கேயும் போகாது.

எதிராளி சொல்வதையெல்லாம் அப்படியே நம்பவும் முடியாது. கடைசிக்கட்டத்தில் எச் சிப்பாயை முன்னாடியே தள்ளியிருந்தால் ஜெயித்திருப்பேன் என்று பெரியவர் சாதித்தார், டேபிள்பேஸ் அதையும் டிரா என்றுதான் சொல்கிறது. இந்த மாதிரி வழக்குக்கு எஞ்சின்தான் நீதிபதி, அதில் எனக்குச் சண்டையே இல்லை. அவர் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை என்பது வேறு கதை.

எதிராளி கிடைக்காத நாளில் என்ன செய்வது? மூவ்களை எழுதிய ஸ்கோர் ஷீட்தான் கதி. மூவுக்குப் பக்கத்தில் மிச்சமிருந்த நேரத்தைக் குறித்துவைக்க விதி அனுமதிக்கிறது, டிரா கேட்ட இடத்தில் அடைப்புக்குறிக்குள் சமக்குறி போட்டாக வேண்டும் என்றும் அதே விதி சொல்கிறது. இந்த இரண்டும் இருந்தால் எங்கே வியர்த்தோம் என்பது பின்னால் தெரிந்துவிடும். இதைத் தனியாகச் செய்தால் பேசுவதில் பாதிதான் தேறும்.

பணம் கட்டிக் கோச்சிடம் காட்டும் மூன்றாவது வழியை நான் அதிகம் பார்த்ததில்லை, அதனால் அதைப் பற்றித் தீர்ப்புச் சொல்லப்போவதில்லை. ஆட ஆரம்பித்த பிள்ளைகளுக்கும் என் வரிசை பொருந்தாமல் போகலாம். ஓர் ஆட்டத்தில் ராணி இரண்டு தடவை சும்மா தொங்கியிருந்தால் மனநிலையைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது, நேராக எஞ்சினைத் திறந்து எங்கே தொங்கியது என்று பார்ப்பதே மேல். ஐந்து நிமிட பிளிட்ஸுக்கும் அதேதான்.