பழைய லாரிக்கு எந்த இஞ்சின் ஆயில்: 15டபிள்யூ-40, 20டபிள்யூ-50, சிஐ-4, சிகே-4 ஓர் ஒப்பீடு

பல லட்சம் கிலோமீட்டர் ஓடிய டீசல் லாரிக்கு ஆயில் மாற்றும் நேரம் வந்தால் உரிமையாளருக்கும் மெக்கானிக்குக்கும் இடையே எழும் முதல் கேள்வி, இதுவரை ஊற்றிவந்த 15டபிள்யூ-40 ஆயிலையே தொடர்வதா, இஞ்சின் தேய்ந்துவிட்டதென்று 20டபிள்யூ-50க்கு மாறுவதா என்பதுதான். அதோடு இன்னும் இரண்டு கேள்விகள் ஒட்டிக்கொண்டு வரும்: டப்பாவின் மேல் தரக்குறியீடாக சிஐ-4 என்று இருக்க வேண்டுமா, சிகே-4 என்று இருக்க வேண்டுமா, கச்சா எண்ணெயிலிருந்து சாதாரணமாகச் சுத்திகரித்த மினரல் ஆயில் போதுமா, செயற்கை முறையில் உருவாக்கிய சிந்தெடிக் தேவையா. இவை மூன்றும் தனித்தனிக் கேள்விகள். கெட்டியான ஆயில் என்பதாலேயே அது தரமான ஆயில் என்றும், சிந்தெடிக் என்பதாலேயே அது எல்லா இஞ்சினுக்கும் பொருந்தும் என்றும் எண்ணும்போதுதான் தேர்வு பிழைபடுகிறது.

முதலில் பாகுத்தன்மை, அதாவது ஆயிலின் கெட்டித்தன்மை. டபிள்யூவுக்கு முன்னால் உள்ள எண் குளிரில் ஆயில் நடந்துகொள்ளும் விதத்தையும், பின்னால் உள்ள எண் சூடான இஞ்சினில் அதன் கெட்டித்தன்மையையும் காட்டுகின்றன. வாகனப் பொறியாளர் சங்கமான எஸ்ஏஇயின் தரவரையறையின்படி 100 டிகிரி செல்சியஸில் 40 கிரேடு ஆயிலின் பாகுத்தன்மை 12.5 முதல் 16.3 சென்டிஸ்டோக்ஸுக்குள்ளும், 50 கிரேடு ஆயிலினுடையது 16.3 முதல் 21.9 வரையிலும் இருக்க வேண்டும். ஆனால் பேரிங்குக்குள் ஆயில் படலம் நசுங்கும் இடத்தைக் கணக்கில் கொண்டு 150 டிகிரியில் செய்யப்படும் சோதனையில் 15டபிள்யூ-40, 20டபிள்யூ-50 இரண்டுக்கும் விதிக்கப்பட்டுள்ள குறைந்தபட்ச அளவு ஒன்றே: 3.7 மில்லிபாஸ்கல் விநாடி. நடைமுறையில் 20டபிள்யூ-50 அந்த அளவைவிட நன்றாகவே மேலே நிற்கும் என்பது உண்மை; என்றாலும் 15டபிள்யூ-40 ஊற்றினால் பேரிங்குக்குப் பாதுகாப்பே இருக்காது என்ற அச்சத்துக்கு அடிப்படை இல்லை.

கெட்டியான ஆயிலுக்கு ஆதரவாகச் சொல்லப்படும் வாதம் நியாயமானதே. பேரிங் இடைவெளி தேய்ந்து அகன்றுவிட்டால் ஆயில் அதன் வழியே விரைவாக வெளியேறிவிடும். சூடான இஞ்சின் ஐட்லிங்கில் நிற்கும்போது ஆயில் பிரஷர் மீட்டரின் முள் கீழே இறங்கும். 20டபிள்யூ-50 ஊற்றியதும் முள் ஏறும், தட்டும் ஓசை தணியும், ரிங் வழியே ஏறி எரியும் ஆயிலின் அளவும் ஓரளவு குறையும். ஆனால் மீட்டர் காட்டுவது ஆயில் சந்திக்கும் தடையை மட்டுமே. ஒவ்வொரு மூலைக்கும் எவ்வளவு ஆயில் போய்ச் சேர்ந்தது என்பதை அது சொல்வதில்லை. காலையில் இஞ்சினைக் கிளப்பும்போது கெட்டியான ஆயில் பம்பின் ரிலீஃப் வால்வைத் திறந்து ஒரு பகுதி இஞ்சினின் அடியிலுள்ள ஆயில் தொட்டியான சம்புக்கே திரும்பிவிடுகிறது. ஃபில்டரைச் சுற்றிச் செல்லும் பைபாஸ் வழியும் திறந்துகொண்டால் வடிகட்டாத ஆயில்தான் சுற்றிவருகிறது. வால்வுகளை இயக்கும் ராக்கரையும் டர்போவின் தண்டையும் அது தாமதமாகவே எட்டுகிறது. ஓட்டத்திலும் அது தன் உராய்வாலேயே கூடுதலாகச் சூடாகிறது, சிறிதளவு எரிபொருளையும் கூடுதலாக எடுத்துக்கொள்கிறது.

இதைவிட எனக்குக் கவலை தருவது, கெட்டியான ஆயில் நோயை மறைத்துவிடும் என்பதே. பிரஷர் குறைவதற்குத் தேய்மானம் மட்டுமே காரணமாக இருக்க வேண்டியதில்லை. ஒழுகும் இன்ஜெக்டர் வழியே டீசல் கலந்து ஆயில் நீர்த்துப்போயிருக்கலாம். டிப் ஸ்டிக்கில் அளவு குறைவதற்குப் பதிலாக ஏறியிருப்பதும் டீசல் வாடையும் அதைக் காட்டிக்கொடுக்கும். பிரஷர் சென்சாரே பழுதாகியிருக்கலாம். நம்பகமான தனி மீட்டரைப் பொருத்தி, இஞ்சின் நன்றாகச் சூடான பிறகு அளந்து பார்க்காமல் கிரேடை மாற்றக் கூடாது என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். ஆயில் குடிப்பதற்கும் இது பொருந்தும்: ரிங்குகள் கரி பிடித்துக் காடிக்குள் இறுகிவிட்டிருந்தால் கெட்டியான ஆயில் அவற்றை விடுவிக்காது, டிடர்ஜென்ட் வலுவான நல்ல 15டபிள்யூ-40 அங்கே கொஞ்சமாவது வேலை செய்யும்.

ஆகவே பெரும்பாலான பழைய லாரிகளுக்கு என் தேர்வு 15டபிள்யூ-40தான். சூட்டில் அளந்த பிரஷர் கையேடு சொல்லும் குறைந்தபட்ச அளவை நெருங்கி, வேறு கோளாறு இல்லை என்பதும் உறுதியாகி, வெப்பமான பகுதியில் கனமான பாரத்துடன் ஓடி, இஞ்சினைப் பிரித்து வேலை செய்வதைச் சில மாதங்கள் தள்ளிப்போட வேண்டிய நிலையும் இருந்தால், கையேடு அனுமதிக்கும் பட்சத்தில் 20டபிள்யூ-50 ஊற்றலாம். டபிள்யூ எண் இல்லாத ஒற்றை கிரேடு ஆயிலுக்கு இன்று இடம் மிகக் குறைவு. டெட்ராய்ட் டீசலின் பழைய டூ-ஸ்ட்ரோக் இஞ்சின்கள் போன்றவை விதிவிலக்கு, ஏனெனில் அவற்றுக்குச் சாம்பல் குறைந்த, சிஎஃப்-2 என்ற பழைய தரத்து எஸ்ஏஇ 40 ஆயிலே விதிக்கப்பட்டிருக்கிறது.

அடுத்தது அமெரிக்கப் பெட்ரோலிய நிறுவனமான ஏபிஐயின் தரக்குறியீடு. சிஐ-4 2002இல் வந்தது. சிகே-4 2016இன் இறுதியில் வந்தது. இடையில் 2006இல் வந்த சிஜே-4இலிருந்துதான் ஆயில் எரிந்தபின் மிஞ்சும் சல்ஃபேட் சாம்பலுக்கு 1.0 சதவீதம் என்ற உச்சவரம்பு ஏற்பட்டது. புதிய லாரிகளின் புகைக்குழாயில் உள்ள துகள் வடிகட்டி அடைபடாமல் இருப்பதற்கான வரம்பு அது. அந்த வடிகட்டியே இல்லாத பழைய லாரிக்கு அதனால் நேரடிப் பயன் இல்லை. மாறாக, அமிலத்தை முறிக்கும் காரச் சேர்மங்கள்தான் சாம்பலின் மூலம் என்பதால், சிஐ-4 ஆயில்களில் அந்தக் காரத்தின் இருப்பு, அதாவது டிபிஎன், பொதுவாகச் சற்றுக் கூடுதலாக இருக்கும். டீசலில் உள்ள கந்தகம் எரிந்து அமிலமாகி லைனரையும் பேரிங்கையும் அரிக்கிறது. ஆகையால் பத்து லட்சத்தில் 500 பங்கு கந்தகமோ அதற்கு மேலோ உள்ள டீசல்தான் கிடைக்கும் என்றால் சிஐ-4ஐத் தேர்ந்தெடுப்பேன். கந்தகம் 15 பங்குக்கு மேற்படாத டீசல் கிடைத்தால் அந்தக் கூடுதல் இருப்புக்கு வேலை குறைவு. வெப்பத்தில் ஆக்சிஜனேற்றத்தையும், ஓட்டத்தில் பாகுத்தன்மை உடைவதையும் நன்றாகத் தாங்கும் சிகே-4 அங்கே முந்திக்கொள்கிறது. பழைய தரங்கள் கேட்கப்பட்ட இஞ்சின்களுக்கும் சிகே-4 ஏற்றதென்றே ஏபிஐ வகுத்திருக்கிறது. எனினும் 2016இல் ஃபோர்டு நிறுவனம், பாஸ்பரஸ் குறைந்த சிகே-4 ஆயில்களில் தேய்மானத் தடுப்பு போதாது என்று கருதித் தன் டீசல் இஞ்சின்களுக்குத் தனித் தரம் ஒன்றைக் கேட்டது. எனவே இஞ்சின் தயாரிப்பாளரின் ஒப்புதல் எண்ணும் டப்பாவில் இருக்கிறதா என்று பார்ப்பது நல்லது.

சிகே-4 உடனேயே வெளிவந்த எஃப்ஏ-4 ஆயிலைப் பழைய லாரிக்கு ஊற்றவே கூடாது. 150 டிகிரிச் சோதனையில் 2.9 முதல் 3.2 வரை மட்டுமே நிற்கும் அந்த மெல்லிய ஆயில் அதற்கென வடிவமைக்கப்பட்ட புதிய இஞ்சின்களுக்கானது. ஏபிஐயின் வட்ட முத்திரையில் சிவப்புப் பகுதி இருந்தால் அது எஃப்ஏ-4.

மினரல், சிந்தெடிக் போட்டியைச் சுருக்கமாகவே முடிக்கலாம். சிந்தெடிக் ஊற்றினால் ஆயில் சீல் ஒழுகும் என்பது பழைய கலவைகளின் காலத்துப் பயம். இன்று ஒழுகினால், அதுவரை கசடு அடைத்துக்கொண்டிருந்த விரிசல் வெளிப்பட்டிருக்கிறது என்றே பெரும்பாலும் பொருள். கடுங்குளிரில் கிளப்ப வேண்டிய லாரிக்கு 5டபிள்யூ-40 சிந்தெடிக் மெய்யான உதவி. மற்றபடி, மாற்றும் நாளுக்கு முன்பே லிட்டர் கணக்கில் குடித்துவிடும் இஞ்சினுக்கு மினரல் ஆயிலை வாங்கி, மிச்சப்படும் பணத்தில் இன்னும் சீக்கிரமாக மாற்றுவதே மேல்.

எந்த ஆயிலுக்கு மாறினாலும் முதல் மாற்றத்தைப் பாதித் தூரத்திலேயே செய்துவிட வேண்டும். டிடர்ஜென்ட் கரைத்துவிடும் பழைய கசடு ஃபில்டரை விரைவில் அடைத்துவிடக்கூடும். ஆயில் சில மணி நேர ஓட்டத்திலேயே கறுத்துவிட்டால் பதற வேண்டாம். புகைக்கரியைத் தன்னுள் தாங்கிக்கொள்வது டீசல் ஆயிலின் வேலை. கழற்றிய ஃபில்டரை அறுத்துப் பார்க்கலாம். வாய்ப்பிருந்தால் ஆயில் மாதிரியை ஆய்வகத்துக்கும் அனுப்பலாம். அந்த அறிக்கையில் இரும்போடு சேர்ந்து, தூசியைக் காட்டும் சிலிக்கனும் உயர்ந்திருந்தால், அடுத்த டப்பாவைத் தேடுவதற்கு முன்னால் ஏர் ஃபில்டருக்கும் டர்போவுக்கும் இடையிலுள்ள குழாயில் எங்கே வெடிப்பு விட்டிருக்கிறது என்று தேட வேண்டும். உள்ளே நுழையும் தூசியை எந்த கிரேடு ஆயிலாலும் தடுக்க முடியாது.