இலவச மரச்சில்லு லாரி: ஐந்துக்கு நாலரை

அக்கம்பக்கத்தார் சேர்ந்து நடத்தும் எங்கள் பசுமைவெளியின் வாசல் பலகையில் ஆதரவாளர் பட்டியல் நீளம். அந்தப் பலகையில் இல்லாத ஒரு கூட்டத்துக்குத்தான் என் மதிப்பெண்: மரம் கவாத்து செய்யும் குழு. வெட்டிய கிளைகளை இயந்திரத்தில் நறுக்கி, சில்லுகளை எங்கள் வாசலில் இலவசமாகக் கொட்டிவிட்டுப் போகிறார்கள். தொலைவிலுள்ள கிடங்குவரை ஓட்டும் செலவு அவர்களுக்கு மிச்சம், எங்களுக்கு மண்ணின் மேல் பரப்பும் மூடாக்கு. இரண்டு பக்கமும் லாபம் இருப்பதால்தான் இந்த ஏற்பாடு நிலைக்கிறது.

இலை, பட்டை, குச்சி எல்லாம் கலந்து வரும். சாயமேற்றி மூட்டையில் விற்பதைப் பார்த்த கண்ணுக்கு அழகாக இராது. ஆனால் பெரிதும் சிறிதுமாக இருப்பதுதான் நல்லது. இறுகிப் பாளமாகாமல் நீரும் காற்றும் இறங்கும். மூன்று நான்கு அங்குலக் கனத்தில் பரப்பினால் களை அடங்கும், ஈரம் நிற்கும். கன்றின் தண்டிலிருந்து நாலு விரற்கடை தள்ளியே போடுங்கள், ஒட்டிக் குவித்தால் பட்டை அழுகும். பச்சைச் சில்லு தழைச்சத்தை உறிஞ்சிவிடும் என்று எங்கள் குழுவிலேயே ஒருவர் இன்னும் வாதாடுகிறார். மண்ணோடு கிளறிவிட்டால்தான் அந்தத் தொல்லை. மேலே கிடந்தால், தொட்டுக்கொண்டிருக்கும் மேல்மண்ணோடு சரி, மரத்தின் வேர்களைப் பாதிக்காது. அடியில் வெள்ளை நூலாகப் பூஞ்சை ஓடினால் சந்தோஷப்படுங்கள், சில்லு மக்குகிறது என்று பொருள்.

அரை மதிப்பெண் குறைத்தது, லாரி எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாததால். கேட்டபோது வராது, வாசலை அடைத்துக்கொண்டு இரண்டு லோடு சேர்ந்து வரும். உள்ளே பிளாஸ்டிக் கயிறும் கிடக்கும். கொட்டுவதற்கு முன் எந்த மரம், எதற்காக வெட்டினீர்கள் என்று ஓட்டுநரிடம் கேட்டுவிடுங்கள்; நோய் பிடித்த மரமென்றால் வேண்டாம்.

பலகையில் இருப்பவர்கள்? நிறுவனத்தார் சேவை நாளன்று ஒரே மாதிரிச் சட்டையில் வந்து கன்று நடத்தான் ஆசைப்படுவார்கள். முதல் இரண்டு கோடைக்குத் தண்ணீர் ஊற்றுவது யார்? இப்போதெல்லாம் அவர்கள் கையில் தள்ளுவண்டியைக் கொடுத்துச் சில்லுக் குவியலைக் காட்டிவிடுகிறோம். நாங்கள் வாரக்கணக்கில் இழுக்கும் வேலை மதியத்துக்குள் முடிகிறது. படமும் நன்றாகவே வருகிறது. நர்சரிகள் இலவசமாகத் தருவது பெரும்பாலும் விற்காமல் தங்கிய கன்று. பையைக் கழற்றிப் பாருங்கள். வேர் வட்டமாகச் சுற்றியிருந்தால் வெட்டி விரித்து நட வேண்டும், தடித்து முறுகியிருந்தால் திருப்பிக் கொடுப்பதே மேல்.

இத்தனைக்கும் மேலே நிற்பது நிலம் கொடுப்பவரின் கையெழுத்து. நியூயார்க்கில் லிஸ் கிறிஸ்டியும் நண்பர்களும் 1973-ல் குப்பை மண்டிய காலிமனையைத் தோட்டமாக்கத் தொடங்கினார்கள். மறு ஆண்டே நகர நிர்வாகம் பெயரளவு வாடகைக்கு அதை விட்டது. தோட்டம் இன்றும் இருக்கிறது. எங்கள் குத்தகை ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிப்பில் தொங்குகிறது. குத்தகை தரும் அலுவலகத்துக்கு மட்டும் மதிப்பெண்ணை நிறுத்திவைத்திருக்கிறேன்.