மார்க்கை வாசிப்பதா, கையில் கொடுப்பதா?

திருத்திய பேப்பரை முதல் ரேங்க்கில் தொடங்கி எல்லார் முன்னாலும் வாசித்துக் கொடுப்பது பழைய வழக்கம். முதல் சில பேருக்குக் கைதட்டல். கடைசிப் பெயர்கள் வரும்போது வகுப்பே திரும்பிப் பார்க்கும். தலையைக் குனிந்து பேனா மூடியைக் கடிக்கிற பிள்ளைக்கு, எந்தக் கணக்கு தப்பு என்பது அந்த நேரத்தில் மண்டையில் ஏறாது. அடுத்த பரீட்சையன்று காலையிலேயே வயிற்றுவலி என்று படுத்துக்கொள்ளும் பிள்ளைகளும் உண்டு.

ஒவ்வொருவரையும் மேஜைக்குக் கூப்பிட்டு, தப்பான இடத்தைக் காட்டி, பேப்பரைக் கையில் கொடுப்பது இன்னொரு வழி. நேரம் பிடிக்கும்தான், 40 பேர் வகுப்புக்கு ஒரு பீரியட் போதாது. ஆனால் முதலிடம் பறிபோகுமோ என்று பயப்படும் பிள்ளைக்கும் இதில் நிம்மதி.

தமிழ்நாட்டில் பொதுத்தேர்வு ரேங்க் அறிவிப்பையே 2017இல் நிறுத்திவிட்டார்கள். மாதத் தேர்வுக்கு மட்டும் எதற்கு? இரண்டு பீரியட் போனாலும் இரண்டாவது வழிக்கே என் ஓட்டு.