குன்னூரில் பேச்சுப் பயிற்சி மையம் தேடும் பெற்றோர் கவனத்திற்கு

குன்னூரில் உள்ள ஒரு தனியார் பேச்சுப் பயிற்சி மையத்தில் எங்கள் மகனுக்கு நேர்ந்ததை, அதே தேவையோடு இந்த மலையில் அலையும் பிற பெற்றோர் அறிய வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன்.

இரண்டரை வயதாகியும் அவன் ‘அம்மா’, ‘தா’ என்ற அளவிலேயே இருந்தான். பேச்சு தாமதமாகும் குழந்தைக்கு முதலில் செய்ய வேண்டியது செவித்திறன் பரிசோதனை. அந்த மையத்தில் காதைப் பற்றி ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. சிறிது நேரம் பார்த்துவிட்டு, ஆறு மாதக் கட்டணத்தை மொத்தமாகக் கட்டினால் சலுகை உண்டு என்றும், மூன்று வயதுக்குள் சரளமாகப் பேசிவிடுவான் என்றும் உறுதியளித்தார்கள். முறையாகப் படித்த எவரும் இப்படிக் கெடு வைத்து வாக்குக் கொடுக்க மாட்டார்கள்.

பெற்றோர் உள்ளே இருந்தால் குழந்தையின் கவனம் சிதறும் என்று கூறிக் கதவைச் சாத்திவிடுவார்கள். ஒரு நாள் கதவு திறந்தபோது, மகன் படம் போட்ட அட்டையின் மூலையைக் கடித்தபடி கைப்பேசியில் ஓடும் பாட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். பயிற்சியாளர் நோட்டில் ஏதோ எழுதிக்கொண்டிருந்தார். இந்த வயதுக் குழந்தைக்கான பயிற்சியில் பாதி பெற்றோருக்கானது. குழந்தை எதைப் பார்க்கிறதோ அதன் பெயரைச் சொல்லி, அது வாய் திறக்கும் வரை பொறுத்திருந்து, குளிப்பாட்டும்போதும் சோறூட்டும்போதும் எப்படிப் பேச்சு கொடுப்பது என்று நமக்குக் கற்றுத்தர வேண்டும்.

மாதங்கள் கடந்தும் மாற்றமில்லாததால் கோவையில் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டினோம். செவிப்பறை சரியாக அசைகிறதா என்று பார்க்கும் டிம்பனோமெட்ரி பரிசோதனையின் வரைபடத்தில் மேடாக எழ வேண்டிய கோடு இரண்டு காதுக்கும் தட்டையாகவே வந்தது. ஓயாத சளியால் நடுச்செவியில் நீர் தேங்கியிருந்தது. நாம் பேசுவது அவனுக்குத் தெளிவாகக் கேட்கவே இல்லை. சிகிச்சையால் சரியாகக்கூடிய ஒன்றைக் கவனிக்காமல், பேச்சு வளரும் பருவத்தின் மாதங்களை வீணடித்துவிட்டார்கள். பணத்தைவிட அதுதான் பொறுக்க முடியவில்லை.

பேச்சுப் பயிற்சி அளிப்பவர் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு பெற்றிருக்க வேண்டும். பதிவில்லாமல் இத்தொழிலைச் செய்தால் 1992-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஓராண்டு வரை சிறையோ, ஆயிரம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். பதிவு எண்ணைக் கேட்டபோது, ஏதோ ஒரு குறுகிய காலச் சான்றிதழைத்தான் காட்டினார்கள். பணம் கட்டும் முன்பே அந்த எண்ணைக் கேளுங்கள்; கவுன்சிலின் இணையதளத்தில் சரிபாருங்கள். உங்கள் அங்கன்வாடியில் சொன்னால், குழந்தைகளின் குறைபாடுகளை முன்கூட்டியே கண்டறியும் அரசின் ஆர்.பி.எஸ்.கே. திட்ட மருத்துவக் குழு குழந்தையை இலவசமாகப் பரிசோதித்து, வளர்ச்சிக் குறைபாடுகளுக்குத் தொடக்கத்திலேயே சிகிச்சையும் பயிற்சியும் தரும் மாவட்ட இடையீட்டு மையத்துக்கு அனுப்பிவைக்கும்.

நடக்காத வகுப்புகளுக்கான பணத்தைக்கூடத் திருப்பித் தர மறுத்துவிட்டதால், 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிவு செய்திருக்கிறோம். அங்கே பணம் கட்டிய வேறு பெற்றோர் இருந்தால், ரசீதைப் பத்திரப்படுத்தி நீங்களும் புகார் கொடுங்கள்.